மேகத்துக்கு முன்னால் நின்ற நட்சத்திரம்

எங்கள் ஆய்வகத்தின் இயக்குநர் என் சொந்தச் சித்தப்பா. வேலையில் சேர்ந்த முதல் நாளே விரலை ஆட்டிச் சொல்லிவிட்டார்: "இங்க நான் சித்தப்பா இல்ல." அன்றிலிருந்து சார்.

சாருக்கு ஒரு மேகம் இருந்தது. வானத்தில்தான், ஆனால் அவர் பேச்சைக் கேட்டால் பத்திரம் பதிந்து வாங்கிய மனை என்று தோன்றும். அதற்குள் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் சூடேறித் துள்ளிக்கொண்டிருக்கின்றன என்பது அவர் கண்டுபிடிப்பு. மேகத்துக்குப் பின்னாலிருக்கும் நட்சத்திரத்தின் புற ஊதா ஒளி அதைக் கடந்து வரும்போது, மூலக்கூறுகள் அங்கங்கே கொஞ்சம் விழுங்கிவிடும். விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் நிறமாலையில் அந்த இடங்களில் கறுப்புக் கோடு விழும். கோடுகளை அளப்பது நான். கட்டுரைகளில் பெயர் அவருடையது. நான் கடைசி நன்றிப் பத்தியில், காபி மெஷினைச் சரிசெய்தவருக்கு அடுத்து இருப்பேன். இந்த ஆண்டும் என் பெயரில் ஒரு கட்டுரை வராவிட்டால் வேலை போய்விடும்.

புதுக் கட்டுரையை அனுப்பும் முன் நட்சத்திரத்தின் தூரத்தைப் புதிய அளவீட்டோடு ஒப்பிட்டேன். நட்சத்திரம் மேகத்துக்கு முன்னால் நிற்கிறது. அதன் ஒளி மேகத்தைத் தொடாமலே நம்மிடம் வந்திருக்கிறது.

சாரிடம் சொன்னேன். மேகத்தின் தூரம் அவ்வளவு துல்லியமில்லையே, அதைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொள்ள முடியாதா என்று கேட்டார், நாற்காலியை இழுக்கச் சொல்வது போல. முடியாது என்றேன். மறுநாள் திடீரென்று தாராள மனசு வந்துவிட்டது. இளையவர்களுக்கு வழிவிட வேண்டுமாம். தன் பெயரை எடுத்துவிட்டுக் கட்டுரையை என் தலையில் கட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் கோடுகள் பொய்யில்லையே. சூடான ஹைட்ரஜன் எங்கேயோ இருந்தாக வேண்டும். கோடுகள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்பதை வைத்து வாயுவின் வேகத்தைக் கணக்கிட்டேன். மேகத்தின் வேகத்தோடு ஒட்டவில்லை, நட்சத்திரத்தின் வேகத்தோடு அச்சாகப் பொருந்தியது. தன்னைச் சுற்றியிருந்த வாயுவை நட்சத்திரமே சூடேற்றியிருக்கிறது. அதையே எழுதி அனுப்பினேன். ஆய்விதழில் ஏற்றுக்கொண்டார்கள், பாராட்டியும் எழுதினார்கள்.

சேதி பரவிய அன்று சார் என் மேசைக்கே வந்தார், கையில் எனக்கும் சேர்த்துக் காபி.

"அச்சுக்குப் போறதுக்குள்ள என் பேரையும் சேர்த்துடும்மா. சித்தப்பாவா கேக்கறேன்."

காபியை வாங்கிக்கொண்டேன்.

"இங்க நீங்க சித்தப்பா இல்ல, சார். நன்றிப் பத்தியில மெஷின்காரருக்கு அடுத்த இடம் காலியா இருக்கு. போட்டுடட்டுமா?"