ஓவனுக்குள் மளிகை

எங்கள் வீட்டு ஓவனை நாங்கள் ஒருநாளும் போட்டதில்லை. இங்கிலாந்தில் இருக்கும் லீட்ஸுக்குப் படிக்க வந்ததிலிருந்து என் வாணலியும், மூங்கில் ஆவித்தட்டும், காய்ந்த காளானும், நூடுல்ஸ் பாக்கெட்டுகளும் அதற்குள்தான் குடியிருந்தன. சீனாவில், செங்டு நகரத்து எங்கள் வீட்டில் ஓவனே கிடையாது. இவ்வளவு நல்ல அலமாரியைச் சும்மா விட எனக்கென்ன பைத்தியமா?

ஞாயிறு மதியம் வீட்டுக்காரம்மா டோரீன், ஆட்டுக்கறி அடைத்த பெரிய அப்பத்தோடு வந்தார். சூடாக்க ஓவனைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இது அடுப்பா, மளிகைக் கடையா?"

"எங்களுக்கு அடுப்புன்னா இது மேல எரியறதுதான், ஆன்ட்டி" என்றேன் விறைப்பாக.

என் அறைத்தோழி மியாவ் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பத்தை ஆவியில் வைத்தாள். அது சொதசொதவென்று ஆகிவிட்டது. டோரீனோ அதை என் மிளகாய் எண்ணெயில் தோய்த்து, மூக்கு ஒழுக ஒழுக, இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது, ஓவனுக்குப் பக்கத்துக் கதவையும் சந்தேகத்தோடு திறந்தார். உள்ளே கிண்ணங்கள் பளபளவென்று அடுக்கியிருந்தன.

"பரவாயில்லையே, இந்த மெஷின் நல்லாக் கழுவுதே!"

"ரொம்ப நல்லா!" என்றாள் மியாவ்.

ஊரில் கிண்ணங்களைச் சூடுகாட்டி உலர்த்தும் அலமாரி அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். அதனால் தினமும் கையால் தேய்த்துக் கழுவி, மியாவ்தான் இதில் அடுக்குவாள்.

டோரீன் தெருமுனை திரும்பியதும் மியாவ் என் தோளை உலுக்கினாள்.

"ஏய் யுவெசின், அது கழுவ வேற செய்யுமாடீ?"