வண்டியேறாத ஆறு மாடுகள்

விடியற்காலை நான்கு மணிக்குப் பண்ணைக் கொட்டாயில் டியூப்லைட்டுகள் எரிந்தன. மார்கழிப் பனி தகரக் கூரையின் விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எழுபது கறவை மாடுகள் விட்ட மூச்சு ஆவியாகி, மேலே ஏறி, விளக்கைச் சுற்றி நின்றது. சாணம் வழிக்கும் பலகை சிமெண்டுத் தரையில் கரகரவென்று போய் வந்தது. பெண்கள் வெந்நீரில் துணியை நனைத்து மடிகளைத் துடைத்தார்கள். வெந்நீர் மாடுகளுக்கு மட்டும்தான். ஆட்கள் கை கழுவத் தொட்டித் தண்ணீர். அதில் கையை விட்டால் எலும்பு வரை குத்தும். பனிவெடிப்பில் பிளந்த விரல்களோடு அவர்கள் காம்பைப் பற்றி இழுத்தார்கள்.

ராஜவேல் பால் கேன்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். பதினாறு வருஷமாக இந்தப் பண்ணையில் வேலை. ஏழு வருஷமாக மேஸ்திரி. பண்ணைக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் ஒன்றில் அவனும் அவன் மனைவி பவானியும் இருந்தார்கள். அடுத்த வீட்டில் தங்கை கனிமொழியும் அவள் புருஷன் பாலகுமாரும். நான்கு பேருக்கும் இந்த மாடுகள்தான் சோறு.

கனிமொழி துடைக்கிற வரிசையை இன்று சின்னம்மாள் சேர்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிள்ளை ஊர்ப் பக்கத்துக்காரி. ஐம்பது வயது தாண்டியவள். குனிந்தபடியே கேட்டாள்.

“ஏம்பா மேஸ்திரி, கனி ராத்திரி எதுனா சாப்புட்டுச்சா?”

“தெரியல சின்னம்மா.”

“பக்கத்து ஊடு. கூடப் பொறந்தவன். தெரியலன்றியே.”

அவன் கேனை நகர்த்துவதுபோல அப்பால் போனான். கனிமொழி சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாளாகிறது. அவன் வாசல் வரைக்கும்தான் போனான். உள்ளே போகவில்லை.

ஐப்பசி நடுவில் ஆரம்பித்த சங்கதி அது. ஏழு மாதச் சினையில் ஒரு மாடு செத்த கன்றை வீசியது. ஒரு வாரத்தில் இன்னொன்று. கால்நடை டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் போனார். ஆறு மாடுகளுக்கு நோய் என்று முடிவு வந்த அன்று முதலாளி ஸ்ரீதர் செம்மண்டலத்து வீட்டிலிருந்து காரில் வந்திருந்தார். டாக்டர் பேசும்போது ராஜவேலும் பக்கத்தில் நின்றான்.

“இது தொத்து வீச்சு. மாட்டுலேர்ந்து மனுசனுக்கும் வரும். வீசுன கன்னையும் நஞ்சுக்கொடியையும் யாரும் வெறுங்கையால தொடக் கூடாது. சுண்ணாம்பு போட்டு ஆழமாப் பொதைக்கணும். முக்கியமா, வயித்துப் புள்ளக்காரிங்கள இந்தப் பக்கமே விடாதீங்க.”

டாக்டர் போனதும் ஸ்ரீதர் ராஜவேலின் தோளில் கை வைத்தார். பதினாறு வருஷத்தில் அவர் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“ராஜவேலு, இது நமக்குள்ள இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா பால் எடுக்கறவன் நிறுத்திடுவான். பண்ணைய மூடிட்டா இருவது குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். பொங்கலுக்குள்ள அந்த மாடுங்கள வித்துத் தள்ளிடறேன். அதுவரைக்கும் நீ பாத்துக்க.”

இருபது குடும்பம் என்ற சொல் அவன் வாயை அடைத்தது. அவனும் அதைத்தான் பிடித்துக்கொண்டான். ஆட்கள் கேட்டபோது, “தீவனத்துல பூஞ்சக்காளான்” என்று அவனே சொன்னான். அன்றைக்கே பவானியைப் பால் கொட்டாயிலிருந்து சோளத்தட்டை வெட்டும் பக்கம் மாற்றினான். கனிமொழியையும் மாற்றியிருக்கலாம். தன் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில் மாற்றினால் மற்றவர்கள் ஏனென்று கேட்பார்கள். பாலகுமாருக்கு விஷயம் தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். ஒரு வாரம் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

அந்த வாரத்தில்தான் பவானி சேதி சொன்னாள். “உன் தங்கச்சி முழுவாம இருக்கா. மூணு முடிஞ்சு நாலு. கண்ணு பட்டுடும்னு யார்கிட்டயும் சொல்லல. ஏழு வருசத்துக்கு அப்பறம்ல.”

நாளைக்குக் காலையில் முதல் வேலையாக அவளை மாற்றிவிட வேண்டும் என்று ராஜவேல் நினைத்தான். ஆனால் மறுநாள் காலையில் இருபத்தோராம் நம்பர் மாடு வேலி ஓரம் விழுந்து முக்கியது. அவன் தண்ணீர்த் தொட்டியருகே இருந்தான். கனிமொழிதான் முதலில் ஓடினாள். பனியில் முழங்காலிட்டு, வழவழத்து வெளியே வந்த கன்றை இரண்டு கையாலும் ஏந்தினாள். உயிர் இருக்குமோ என்று அதன் மூக்கை முந்தானையால் துடைத்தாள். அவன் இருபதடி தூரத்தில் நின்று பார்த்தான். கத்தியிருக்கலாம். ஓடியிருக்கலாம்.

“கையக் கழுவும்மா” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

“இருண்ணே, பாவம், உசுரு இருக்குதான்னு பாக்கறேன்” என்றாள் அவள்.

மூன்று வாரத்தில் அவளுக்குச் சாயங்காலக் காய்ச்சல் வந்தது. காலையில் விட்டுவிடும், மாலையில் உடம்பு நடுங்கும். ஐந்தாம் மாதம் நிறைவதற்குள் குழந்தை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டு, “மாட்டுப் பண்ணையில வேலையா? அங்க மாடு எதுவும் கன்னு வீசுச்சா?” என்று கேட்டார். பாலகுமார் விழித்தான். “தீவனத்துல ஏதோ கோளாறுன்னாங்கம்மா” என்றான். ராஜவேல் அவன் பின்னால் சுவரைப் பார்த்தபடி நின்றான். ஆறு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

நேற்று மாலை சுவருக்கு அந்தப் பக்கம் கனிமொழியின் குரல் கேட்டது. பவானியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“என் மேலதான் தப்பு அண்ணி. விடியக்காலம் பனியில வெறுங்கால்ல நின்னேன். எங்க மாமியா சொல்லிச்சு, செருப்புப் போடு செருப்புப் போடுன்னு. நான்தான் கேக்கல. நானே கொன்னுட்டேன்.”

ராஜவேல் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தான். அழுகை வரவில்லை.

இப்போது ஆறரை மணி. பால் வண்டி போய்விட்டது. பனி இன்னும் கலையவில்லை. கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்தது. மாடு ஏற்றும் லாரி ஒன்று பின்பக்கமாகவே உள்ளே வந்து நின்றது. ஸ்ரீதர் போனில் சுருக்கமாகச் சொன்னார்.

“அந்த ஆறு மாட்டையும் ஏத்தி விட்டுடு. தர்மபுரிப் பக்கம் சந்தை. யாரு எதுன்னு விசாரிக்க மாட்டான். நான் வந்துகிட்டே இருக்கேன்.”

பாலகுமார் இருபத்தோராம் நம்பரின் கயிற்றை அவிழ்த்துக் கொண்டுவந்தான். லாரியின் பலகைச் சரிவில் அதன் முன்னங்கால்கள் ஏறின. யாரோ வாங்குவார்கள் என்று ராஜவேல் நினைத்தான். ஏதோ ஒரு ஊர்க் கொட்டாயில் யாரோ ஒருத்தி முழங்காலிட்டு வெறுங்கையால் ஏந்துவாள்.

“நிறுத்து மாப்ள.”

“ஏன் மச்சான்? காலு வழுக்குதா?”

“ஏத்தாத. எறக்கு.”

ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கறவை ஆள் பக்கிரி போர்வையைப் போர்த்திக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் பத்து நாளாக மூட்டு வலி, மாலைக் காய்ச்சல். ராஜவேல் அவனைப் பார்த்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். டாக்டர் சொன்னது, முதலாளி சொன்னது, பூஞ்சக்காளான் என்று தான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னான். வேலி ஓரத்தில் தான் நின்றதையும் விடவில்லை.

சொல்லி முடித்ததும் பாலகுமார் கயிற்றைப் போட்டுவிட்டு வந்தான். ஓங்கி ஒரு அறை. இன்னொன்று. ராஜவேல் கையைத் தூக்கவில்லை. மூன்றாவதுக்குப் பக்கிரி எழுந்து நடுவில் விழுந்தான். பாலகுமார் பக்கிரியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, குரலே வராமல் அழுதான்.

பவானி தட்டை வெட்டும் பக்கத்திலிருந்து வந்து நின்றிருந்தாள்.

“அதான் என்னய மட்டும் நவுத்துனியா?” என்றாள். “ஆளு பத்தலன்னு சொன்னியே. பொண்டாட்டி உசுரு ஒசத்தி, மத்தவ உசுரு என்னா, சாணியா?”

ராஜவேல் தரையில் கிடந்த கயிற்றை எடுத்து, மாட்டைச் சரிவிலிருந்து இறக்கினான்.

சின்னம்மாள்தான் முதலில் அசைந்தாள். பலகைச் சரிவின் குறுக்கே போய் உட்கார்ந்தாள். “இவன அடிக்கறது நாள பின்ன அடிச்சுக்கலாம். மொதல்ல இந்த வண்டி போவக் கூடாது. வாங்கடி, உக்காருங்க.”

பெண்கள் உட்கார்ந்தார்கள். பிறகு ஆண்கள். லாரி டிரைவர் இறங்கி வந்து என்னவென்று கேட்டான். தெரிந்துகொண்டதும், தன் உள்ளங்கைகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டு எஞ்சினை அணைத்தான்.

ஸ்ரீதர் வந்தபோது பதினேழு பேர் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சத்தம் போடவில்லை.

“என்ன ராஜவேலு இது? உன்ன நம்பித்தான சொன்னேன்.”

“அதான் சார் தப்பாப் போச்சு.”

“யாருக்காவது ஒடம்பு சரியில்லன்னா சொல்லுங்க, ஆஸ்பத்திரி செலவு நான் பாத்துக்கறேன். மாட்ட ஏத்துங்க.”

“எங்களுக்கு மட்டும் பாத்தா போதாது சார்” என்றாள் சின்னம்மாள். “எல்லாருக்கும் ரத்தம் பாக்கணும். காச்சக்காரங்க லீவுல இருந்தா கூலி பிடிக்கக் கூடாது. கைக்கு உறை, காலுக்கு பூட்ஸு வேணும். அந்த ஆறு மாடும் தனியா நிக்கட்டும். இன்னொரு ஊருக்குப் போவாது.”

“போவாதுன்னு சொல்ல நீ யாரு? மாடு என்னுது.”

“மாடு உங்களுது. நோவு எங்களுதா?”

ஸ்ரீதரின் முகம் கறுத்தது. “நாளைக்கே வடநாட்டு ஆளுங்கள எறக்கிடுவேன். நீங்க எல்லாம் வீட்டுல உக்காந்துக்கங்க.”

“எறக்குங்க சார்” என்றாள் சின்னம்மாள். “அவுங்களும் பொண்டாட்டி புள்ளயோடதான வருவாங்க? கேட்டாண்ட நின்னு அவுங்ககிட்டயும் சொல்லுவோம். பாஷை தெரியலன்னா சைகையில சொல்லுவோம்.”

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் ஸ்ரீதரைச் சுட்டது. அவர் ராஜவேல் பக்கம் திரும்பினார். “சாயங்காலத்துக்குள்ள லைன் வீட்டக் காலி பண்ணிடு.”

“பண்ணிடறேன் சார்” என்றான் ராஜவேல். “ஆனா இங்கேர்ந்து எழுந்திரிக்க மாட்டேன்.”

“இவன் ஊட்டுல கை வெச்சா எங்க ஊட்டுலயும் வெக்கணும்” என்றான் பக்கிரி. அவனுக்குப் பல் தந்தியடித்தது. ஆனாலும் சொன்னான். பாலகுமார் ராஜவேலைப் பார்க்காமலே, “என் ஊடும் பக்கத்துலதான் இருக்குது சார்” என்றான். ஸ்ரீதர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு காருக்குப் போனார்.

அப்போதுதான் கனிமொழி வந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து லைன் வீட்டிலிருந்து நடந்து வந்திருந்தாள். கம்பளியும் துண்டும் போர்த்தியிருந்தாள். சத்தம் கேட்டிருக்கும், பவானியும் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் வழி விட்டது. ராஜவேல் எழுந்து நின்றான்.

“நான் கன்னுக்குட்டியத் தொடச்சப்ப உனக்குத் தெரியுமாண்ணே?”

“தெரியும்மா.”

“நான் முழுவாம இருக்கறதும்?”

“தெரியும்.”

அவள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“அப்ப நான் பனியில நின்னதால இல்ல” என்றாள் மெதுவாக. “இல்லல்ல?”

“இல்லம்மா. நீ ஒண்ணும் பண்ணல. நான்தான்.”

அவள் உடம்பு ஒரு தடவை குலுங்கியது. பவானி பிடித்துக்கொண்டாள். சின்னம்மாள் நகர்ந்து இடம் விட, கனிமொழி பலகைச் சரிவில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

“கால்நடை ஆபீசுக்கும் கலெக்டருக்கும் எழுதிக் குடுக்கணும்னு பேசிக்கறாங்க” என்றாள் பவானி. “எங்கள்ல பன்னண்டாவது படிச்சவ நீதான். ஆனா ஒன்னால முடியுமா இப்ப?”

“நோட்டு குடுங்க.”

பால் அளவு எழுதும் நோட்டின் கடைசித் தாள்களைக் கிழித்துக் கொடுத்தார்கள். அவள் மடியில் வைத்து எழுதினாள். எழுத்துகள் கோட்டை விட்டுச் சரிந்தன. பாதியில் நிமிர்ந்தாள்.

“டாக்டர் வந்து சொன்ன தேதி?”

“நவம்பர் பத்தொம்பது” என்றான் ராஜவேல்.

“எத்தன பேர்கிட்ட மறைச்ச?”

“எல்லார்கிட்டயும்.”

எழுதினாள். பேனா மறுபடி நின்றது. “சாட்சின்னு உன் பேர எழுதணும். எங்க அண்ணன் ராஜவேல்னு எழுதவா, மேஸ்திரி ராஜவேல்னு எழுதவா?”

ராஜவேல் அவள் எதிரே குந்தினான்.

“மேஸ்திரின்னே எழுதும்மா.”

அவள் அப்படியே எழுதினாள். எழுதி முடித்ததும் தாளை அவன் பக்கம் நீட்டினாள். அவன் குனிந்து கையெழுத்துப் போட்டான். அடுத்து பாலகுமார், சின்னம்மாளின் கைநாட்டு, பக்கிரி என்று தாள் கைமாறிக்கொண்டே போனது. லாரி டிரைவரும் வந்து, “நான் போடலாமா?” என்று கேட்டுப் போட்டான்.

கால்நடை ஆபீஸ் இருக்கும் புவனகிரிக்கு நான்கு கிலோமீட்டர். ஆறு பேர் மனுவோடு போவது, மற்றவர்கள் வண்டி முன்னால் இருப்பது என்று முடிவானது. மாலைக் கறவையை நிறுத்தக் கூடாது, மாடுகளுக்குப் பால் தேங்கி மடி கட்டிவிடும் என்று சின்னம்மாள் சொன்னாள். நல்ல மாடுகளைக் கறப்பது, ஆறு மாட்டின் பாலைத் தனியாகக் கொதிக்க வைத்துக் குழியில் ஊற்றுவது, கையில் பிளாஸ்டிக் பையையாவது கட்டிக்கொள்வது என்று பேசிக்கொண்டார்கள். மனு யார் கையில் போனாலும் என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

ராஜவேல் போகிற ஆறு பேரில் ஒருவனாக நின்றான். “நீ வா” என்று யாரும் அழைக்கவில்லை. “வேண்டாம்” என்றும் சொல்லவில்லை. கேட்டைத் தாண்டும்போது பாலகுமார் வேகத்தைக் குறைத்தான். மனு இருந்த பையை ராஜவேல் கையில் கொடுத்தான்.

“கசங்காமப் புடி” என்றான்.

பனி விலகத் தொடங்கியிருந்தது. தூரத்தில் வெள்ளாற்றுப் பாலம் தெரிந்தது. ஆறு பேரும் சாலையின் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக அல்ல, சேர்ந்தாற்போல நடந்தார்கள்.