பதினான்கு ஏக்கருக்கு முளைத்த வால்

போர் தொடங்கிய மூன்றாம் ஆண்டு கதிர் அறுக்கப் போன ஏழு பேரின் கால்கள், அந்தப் பதினான்கு ஏக்கர் வயலின் வரப்பைத் தாண்ட மறுத்துவிட்டன. முதல் நாள் மாலை ஐந்தரை மணிக்கு இது தெரியவந்தது. முதலில் கிளம்பியவள் கட்டுக்காரி. அறுத்த கதிரை அவளைப் போல இறுக்கிக் கட்ட ஆள் இல்லாததால் வந்த பெயர் அது. வயது இருபத்தாறு. பால் கட்டி மார்பு கனக்க, நாலு மைல் நடந்து வீட்டுக்குப் போக வேண்டுமே என்ற அவசரத்தில் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் ஏறினாள். ஏறிய கால் மறுபக்கம் இறங்கவில்லை. வலி இல்லை, தடுக்கும் சுவர் இல்லை. கால் சற்று நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டுத் தானாகவே திரும்பி வயலுக்குள் இறங்கியது. மற்ற ஆறு பேரும் முயன்றார்கள். ஒருவர் ஓடிவந்து தாண்டிப் பார்த்தார். பறந்த வேகத்திலேயே திரும்பி வந்து கதிர்மேல் விழுந்தார்.

போருக்காக அரசாங்கம் போட்ட அறுவடை உத்தரவில் அப்படித்தான் எழுதியிருந்தது. வயல் வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் பதிவு செய்துகொள்ள வேண்டும், ஒதுக்கிய வயலில் அறுக்க வேண்டும், அறுவடை முடிந்தது என்று அதிகாரி சான்று தரும்வரை யாரும் வயலை விட்டு வெளியேறக் கூடாது. கட்டுக்காரியின் சொந்த அரை ஏக்கரிலும் கதிர் முற்றித்தான் நின்றது. அதை அறுக்க உத்தரவில் இடமில்லை. கணவனை முந்தின வருடமே படைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். எட்டு மாதப் பெண் குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்து பதிவேட்டில் பெருவிரல் ரேகை வைத்தவள் அவள்.

மறுநாள் அறுவடை அதிகாரி ஜீப்பில் வந்தார். நடந்ததைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. அரசாங்கம் போட்ட உத்தரவு ஒன்று முழுதாக வேலை செய்வதைத் தன் பணிக்காலத்தில் முதல்முறையாகப் பார்க்கிறார் என்பதால், முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது.

"ஐயா, பால் குடிக்கிற பிள்ளை. ராத்திரி மட்டுமாவது விட்டீங்கன்னா விடியறதுக்குள்ள வந்துடுவேன்."

"நானா பிடிச்சு வச்சிருக்கேன்? போர் நடக்குதும்மா. அங்க எத்தனை பேர் செத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா?"

"தெரியும். என் வீட்டுக்காரரும் அங்கதான் இருக்காரு. அவரைக் கூட்டிட்டுப் போனப்பவும் இதே மாதிரி காகிதம்தான் வந்துச்சு."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வரப்பு பாலைத் தடுக்கவில்லை என்பதால், தங்கை தினமும் இரண்டு முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாலு மைல் வந்தாள். கட்டுக்காரி வரப்பில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். வேலை நேரம் வீணாகிறது என்று வயலுக்குப் போட்டிருந்த காவலாளி எழுதிப் போட, அது ஒரு முறையாகக் குறைந்தது. மிச்சப் பாலை அவள் மண்ணில் பீய்ச்சினாள்.

பத்தொன்பது நாளில் வயல் மொட்டையாகிவிட்டது. சான்று மட்டும் வரவில்லை. தலைநகரத்தில் உட்கார்ந்திருந்த யாரோ வரைபடத்தைப் பார்த்து அந்த வயலுக்கு நானூறு மூட்டை என்று விதித்திருந்தார்கள். விளைந்ததோ இருநூற்று அறுபது. ஒரே போகத்தில் நானூறு வராமல் அறுவடை முடிந்ததாகாது என்றார் அதிகாரி. மறுபடி உழுது, விதைத்து, அறுத்தார்கள்; அப்போதும் நானூறு தேறவில்லை. மூட்டைகள் ரயில் நிலையக் கொட்டகைக்குப் போயின. வண்டிகள் வேறெதையோ ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்ததால் அவை அங்கேயே மழையில் நனைந்து முளைவிட்டு, கூரைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தன. ஒரு கைப்பிடி தானியம்கூடப் படைக்குப் போய்ச் சேரவில்லை. காவலாளியே இதைக் கட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு, சொன்னதாக யாரிடமும் சொல்லாதே என்றார்.

அடுத்த ஆண்டு போர் முடிந்தது. ஊர் தெருவில் இறங்கிக் கூத்தாடியது. அதே வாரம் அறுவடைத் துறையைக் கலைத்தார்கள். அதிகாரி ஒரு பதக்கத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சான்று தர வேண்டிய பதவியே இல்லாமல் போனது. கட்டுக்காரியின் கணவன் ஒரு காது செவிடாகித் திரும்பி வந்தான். அவன் போகலாம், வரலாம். அவனைத் தடுக்கும் உத்தரவு முடிந்திருந்தது. குழந்தை வரப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகி, வரப்பின் மேல் நடக்கப் பழகி, பள்ளிக்கூடம் போனது. காய்ச்சல் வந்த நாட்களில் அது நாலு மைலுக்கு அப்பால் படுத்திருந்தது. அம்மா வயலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பன்னிரண்டு ஆண்டுகளில் எழுபத்தொரு மனு போனது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: நடைமுறையில் இல்லாத உத்தரவை ரத்து செய்ய இயலாது.

கடைசியில் கணவன் அந்தப் பழைய அதிகாரியைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தான். அவருக்குத் தலை நரைத்திருந்தது. அறுவடை முடிந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கால்கள் நகரவில்லை.

"எனக்கு இப்ப அதிகாரம் இல்லம்மா," என்று கண் கலங்கினார்.

"அழாதீங்க. நாங்க அழுதப்ப நீங்க மணி பாத்தீங்க. நான் இப்ப அதைக்கூடப் பாக்க மாட்டேன். எழுந்து போங்க."

அவர் போனதும் அவள் மண்வெட்டியை எடுத்தாள். வீடு இருக்கும் திசையில் வரப்பை ஒரு முழ அகலத்துக்கு வெட்டி, இரண்டு முழம் வெளியே தள்ளிப் போட்டாள். கால் வைத்தாள். போகவில்லை. அந்த இரண்டு முழத்தைக் கொத்தி விதை தூவினாள். நாலாம் நாள் முளை தெரிந்தது. அன்று அவள் கால் இரண்டு முழம் வெளியே போனது.

"விளையற வரைக்கும்தான் வயலு," என்றாள் மற்ற ஆறு பேரிடம். "அப்ப விளைய வைப்போம்."

ஏழு பேரும் கொத்தினார்கள். பதினான்கு ஏக்கருக்கு ஒரு முழ அகலத்தில் வால் முளைத்தது. அடுத்தவன் நிலத்தை, ரயில் பாதையை, பாலத்தை, தார்ச் சாலையைப் பிளந்துகொண்டு அது ஊரை நோக்கிப் போனது. சாலைப் பொறியாளர் போலீஸோடு வந்தார்.

"அறுவடை வேலையைத் தடுத்தா ரெண்டு வருஷம் ஜெயில்னு உத்தரவுல இருக்கு," என்றாள் கட்டுக்காரி.

"அந்த உத்தரவுதான் இப்ப இல்லையே."

"இல்லன்னு என் காலுக்குச் சொல்லுங்க. கேட்டுச்சுன்னா இப்பவே மண்வெட்டியைப் போட்டுடறேன்."

பொறியாளர் அவள் காலைப் பார்த்தார். குனிந்து அதோடு பேசுவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தது போலிருந்தது. பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஏழு ஆண்டுகள் கழித்து, ஒரு மத்தியானம், வால் அவள் தெருவுக்குள் நுழைந்தது. வாசற்படியில் முளைவிட நாலு நாள் காத்திருந்தாள். இருபது வயது மகள் கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

"உள்ள வாம்மா," என்றாள் மகள்.

அடுப்படிவரை கொத்தி விதைத்திருந்த ஒரு முழப் பாதையில் கட்டுக்காரி நடந்து போய், தங்கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மற்ற ஆறு பேரின் வீடுகளுக்கும் அங்கிருந்து கிளை பிரிந்தது. எல்லாரும் வீடு சேர்ந்த மறுவாரம், கோபம் கொஞ்சமும் குறையவில்லை என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடி மண்வெட்டியை எடுத்தாள்.

இப்போது அந்த வயல் மனுக்களுக்குப் பதில் எழுதிய அலுவலகத்தின் கூடம்வரை போகிறது. அங்கே தளக்கல்லைப் பெயர்த்தபோது யாரும் தடுக்கவில்லை. கதிர் முற்றும் மாதத்தில் எழுத்தர்கள் நாற்காலிகளைச் சுவரோரமாகத் தள்ளிவைத்துவிட்டு நின்றபடியே வேலை பார்க்கிறார்கள். மனு கொடுக்க வருபவர்கள் கதிரை விலக்கிக்கொண்டு வரிசையில் நகர்கிறார்கள்.