மாலை போட்ட சாவி

சகாயமேரி புடவையில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பிசிறு வெட்டுகிற வேலை. பாதி நாள் பர்மிஷன் கேட்டதற்குச் சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் அனுப்பினான். இந்தப் பூந்தமல்லி வீட்டுக்கடன் ஆபீஸின் பளபளத் தரையில் பிசிறைப் போட மனம் வரவில்லை. குப்பைக்கூடை எங்கே என்று கேட்கவும் கூச்சம்.

எதிர்ச் சுவரில் ஆளுயரப் போஸ்டரில் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். நான்கு வருஷத்துக்கு முன், நெமிலிச்சேரியில் ஒற்றைப் படுக்கையறை வீட்டை வாங்கிய அன்று, கடன் கம்பெனிக்காரர்கள் சாவிக்கு ஒரு குட்டி மாலை போட்டுக் கையில் கொடுத்து எடுத்த படம். ‘அரசு மானியத்துடன் உங்கள் கனவு இல்லம்’ என்று மேலே கொட்டை எழுத்து.

"டோக்கன் பதினேழு!"

மேஜைக்குப் பின்னால் இருந்த ஸ்ரீராமுக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். அந்தப் போஸ்டருக்கு நேர் எதிரேதான் அவன் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தான். ஆனாலும் அவளை அடையாளம் தெரியவில்லை. போன வாரம் வந்த கடிதத்தை நீட்டினாள்.

"இது இன்னான்னு புரியல சார்."

"மானியம் ரத்தாயிடுச்சு மேடம். உங்க ஆதார்ல இன்னொரு வீடு காட்டுது. குடிசை மாற்று வாரிய வீடு. உங்க பேர்ல அலாட்மெண்ட்."

அவளுக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. கூவம் ஓரத்துக் குடிசையை இடித்தபோது ஊருக்கு அந்தக் கோடியில் ஓர் அறை கொடுத்தார்கள். வேலைக்கு வர மூன்று பஸ் மாறவேண்டும். ஒரு வருஷம் நாயாய் அலைந்துவிட்டு, புருஷன் அருள்தாஸின் தங்கை ராணியிடம் சாவியைக் கொடுத்து, ஆவடிக்கு வாடகைக்கு வந்துவிட்டார்கள். அத்தோடு அந்த அறையைத் தலைமுழுகியாயிற்று.

"அத்த எங்க நாத்தனாருக்குக் குடுத்து பன்னெண்டு வருசமாவுது சார்."

"எழுதிக் குடுத்தீங்களா?"

"கூடப் பொறந்தவளுக்கு இன்னாத்த எழுதறது? எங்க ஊட்டுக்காரு சாவியத்தான் குடுத்தாரு."

"எங்கயும் வீடு இல்லன்னு நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்களே."

காகிதத்தைத் திருப்பிக் காட்டினான். அவள் கையெழுத்துதான். பக்கத்தில் பென்சில் குறி இன்னும் அழியாமல் இருந்தது. அன்றைக்கு இதே கம்பெனி ஆள் ஒருவர் கட்டுக் கட்டாகக் காகிதம் கொண்டுவந்து, குறி போட்ட இடத்தில் மட்டும் போடுங்கம்மா என்றார். அருள்தாஸ் அவருக்கு வெயிலுக்கு இதமாக இளநீர் வெட்டிக் கொடுத்தான்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன் சார். அந்தத் துட்ட நாங்க கண்ணால கூடப் பாக்கல. நேரா உங்களாண்டதான வந்துச்சு?"

"கரெக்ட். ரெண்டு லட்சத்து இருபதாயிரம். உங்க கடன்ல கழிச்சிருந்தோம். இப்போ கவர்மெண்ட் எங்ககிட்டேருந்து திரும்ப எடுத்துக்கிட்டாங்க. அதனால உங்க கடன்ல ஏத்திட்டோம்."

"அப்போ உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

ஸ்ரீராம் கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

"தவணை ஏறாது மேடம். அதே எட்டாயிரம்தான். பதினொரு வருஷம் பாக்கி இருந்தது, இனிமே இருபது வருஷம். வேற ஒண்ணுமில்ல."

அவளுக்கு நாற்பத்தாறு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஐம்பத்தெட்டுக்கு மேல் யாரையும் வைத்துக்கொள்வதில்லை. அதற்கு முன்னால் கண் போய்விடும்.

"அந்த ரூம்ப ராணி பேருக்கே மாத்திக் குடுத்துட்டா?"

"இனிமே எதுவும் பண்ண முடியாது. அவசரமில்ல மேடம், வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க, விளக்கிச் சொல்றேன்."

"ஊட்ல யாரு சார் கீறாங்க?"

அருள்தாஸ் நெஞ்சுவலியில் போய் ஒன்றரை வருஷம். மகள் ஹெலினா கட்டிக்கொடுத்துப் பெங்களூரில். இந்தச் சேதியைப் போய்ச் சொல்லி அழக்கூட அந்த வீட்டில் ஆள் இல்லை. குக்கர் விசில்தான் அங்கே கேட்கிற ஒரே சத்தம். அவள் பேனாவை வாங்கினாள். இருபது வருஷத்துக்கான புதுக் காகிதங்களில் இந்தத் தடவையும் பென்சில் குறி போட்டுத் தயாராக இருந்தது. ஒன்பது இடம்.

போஸ்டரை ஒட்டிய வெளிக்கதவருகே செருப்பை மாட்டும்போது, அடுத்த டோக்கனுக்கு ஓர் இளம் ஜோடி ஸ்ரீராம் எதிரே உட்கார்ந்தது.

"மானியம் நெஜமாவே வருமா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அதோ பாருங்க மேடம், நம்ம கஸ்டமர்தான்" என்று ஸ்ரீராம் போஸ்டரைக் காட்டினான்.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். போஸ்டருக்குப் பக்கத்தில் நின்றவளை யாரும் பார்க்கவில்லை. சகாயமேரியும் பார்த்தாள். பெண்கள் பெயரில் வீடு என்று காட்டுவதற்காக அருள்தாஸைப் படத்திலிருந்து அப்போதே வெட்டிவிட்டிருந்தார்கள். அவளுடைய இடது தோளில் அவன் விரல்கள் நான்கு மட்டும் மிச்சம் இருந்தன. தொடப் போனாள்.

"போஸ்டர்ல கை வெக்காதமா" என்றார் வாட்ச்மேன்.

அவள் கையை மடக்கிக்கொண்டாள். உள்ளே நூல் பிசிறு இன்னும் இருந்தது.