தொண்டைக்கு இட்ட மருந்து

வானம் வெளுத்து, மாடிகளின்மேல் நின்ற நீர்த்தொட்டிகள் முதலிலும் தெருக்கள் பின்னருமாக ஒளி பெற்றுக்கொண்டிருந்த காலைப்பொழுதில், ஊர் நடுவே இருந்த பேருந்து நிலையம் மற்றெல்லா இடங்களுக்கும் முன்னரே விழித்துக்கொண்டு, மூட்டைமேல் தலைசாய்த்து உறங்கியவரை எழுப்பியும், எழுந்தவரைக் குழாயடிக்கு அனுப்பியும், முகம் கழுவி வந்தவரை வண்டி எங்கே என்று ஏங்கவைத்தும் தன் அன்றாட ஆட்சியைத் தொடங்கியிருந்தது. பன்னிரண்டு நிறுத்தங்கள் கொண்ட அந்நிலையத்தில் எந்த வண்டி எங்கே வந்து நிற்கும் என்பதை, தூண்களின் உச்சியிலிருந்த ஒலிபெருக்கிகள் வழியே ஒரு பெண்குரல்தான் சொல்லியாக வேண்டும். ஒன்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் ஒலித்துவந்த அந்தக் குரல், ஒரு திங்கட்கிழமை காலையில் ஒலிக்கவில்லை.

அக்குரலுக்கு உரியவள், நிலையத்திலிருந்து மூன்று தெரு தள்ளி, தன் வீட்டு அடுக்களையில் நின்று கணவனை அழைக்க வாய் திறந்தாள், காற்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றாள், கதவுக் கீல் முனகுவது போன்ற ஓர் ஒலி எழுந்து அதுவும் அடங்கியது. ஒன்பது ஆண்டுகளாக நாட்கூலிக்கே பேசிவந்தவளை நிலையான பணியில் அமர்த்துவதா, வேண்டாவா என்று முடிவு செய்வதற்காக, வரும் வெள்ளிக்கிழமை மூன்று அலுவலர்கள் வந்து அவள் குரலைக் கேட்டுத் தேர்வதாக இருந்தது. அந்தத் தேர்வுக்கு இன்னும் நான்கே நாள் இருக்கும்போது தொண்டை இப்படிக் கைவிட்டதை எண்ணி அவள் அடுப்பருகே அமர்ந்து அழுதாள்.

இப்போது அவள் கணவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், படிக்கும் அன்பரே. அவன் செம்பிலும் பித்தளையிலும் குடம், அண்டா, தட்டு முதலியவற்றை அடித்து வடிக்கும் பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சுத்தியல் பிடித்தவன். ஆனால் தெருவில் அவனை அத்தொழிலால் அறிந்தவர் சிலரே. கசாயக்காரன் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். விடியலில் வெந்நீர், உண்டபின் சிறுநடை, கிழமைக்கொரு நாள் ஆவி பிடித்தல் என்று வீட்டாரை அவன் ஒழுங்கில் வைத்திருந்தான். எவரேனும் ஒருமுறை தும்மினால் இஞ்சியை எடுப்பான், இருமுறை தும்மினால் மிளகை இடிப்பான், மூன்றாம் தும்மலுக்கு யாரும் அவ்வீட்டில் துணிந்ததில்லை. அவன் காய்ச்சிக் கொடுத்தவற்றால் சளி பலமுறை தீர்ந்திருக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆகவே மனைவியின் தொண்டை கட்டியதைக் கண்டபோது அவன் கை தானாகவே அதிமதுரப் பொட்டலத்தைத் தேடிப் போயிற்று.

ஆயினும் தேர்வு நெருங்கியிருந்தமையால் அவளை மருத்துவரிடமும் அழைத்துச் சென்றான். அம்மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. தொண்டைக்குள் சிறுவிளக்கு ஒளியைச் செலுத்திப் பார்த்துவிட்டு, தாளில் எழுதிக்கொண்டே, நிமிராமல் ஏதோ வினவினார். மனைவி தன் கைக்குறிப்பேட்டில் ஏதோ எழுதிக் காட்டினாள். இந்த அம்மாவும் வாய்க்குள்ளேயே பேசுகிறார், இந்நாளில் ஒருவருக்கேனும் உதட்டைத் திறந்து பேசத் தெரிகிறதா என்று அவன் உள்ளுக்குள் சலித்துக்கொண்டான். பின்னர் மருத்துவர் நிமிர்ந்து, அவன் முகம் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்.

"உப்புத் தண்ணியில கொப்பளிக்கட்டும், ஆவி பிடிக்கட்டும், நீங்க வெச்சுக் குடுக்கறதையும் குடிக்கட்டும். ஆனா வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னு கூடப் பேசக்கூடாது, அது இன்னும் கெடுதல்."

"நான் பாத்துக்கறேன் டாக்டர். இவ வாயைத் திறந்தா அது மருந்து குடிக்கத்தான்" என்றான் கசாயக்காரன்.

சொன்னபடியே விட்டேனா பார் என்று தொடங்கினான். காலையில் உப்பு நீர், சற்றுக் கழித்து அதிமதுரம் ஊறிய வெந்நீர், பகலில் மிளகும் மஞ்சளும் இட்ட பால், மாலையில் இஞ்சிச் சாற்றில் தேன், இடையிடையே போர்வைக்குள் ஆவி என்று அவள் தொண்டை ஓய்ந்திருந்த நேரத்தைவிட விழுங்கிய நேரமே மிகுதியாயிற்று. பேசாமல் எப்படி அழைப்பாள் என்ற கேள்வி எழுந்தபோது, பட்டறையில் எஞ்சிய பித்தளைத் தகட்டை உள்ளங்கையளவு வட்டமாக வெட்டி, விளிம்பை மடித்து, ஒரு சிறு தட்டு வடித்துக்கொண்டு வந்தான். அதைக் கையில் ஏந்திக் கரண்டிக் காம்பால் ஒருமுறை தட்டிப் பார்த்து, நல்ல நாதம் என்று தலையசைத்து அவளிடம் கொடுத்தான். வேண்டியபோது அதைத் தட்டினால் யார் எங்கிருந்தாலும் ஓடி வருவது என்று ஏற்பாடு.

செவ்வாய் மாலை அவன் கூடத்தில் அமர்ந்து, பழைய மருத்துவ ஏடொன்றில் தொண்டைப் பகுதியைக் கண்ணும் கருத்துமாகப் படித்துக்கொண்டிருந்தான். அடுக்களையில் அவன் ஏற்றிவிட்டு மறந்த பால் பொங்கி வழியத் தொடங்கியது. அவளோ போர்வைக்குள் ஆவி பிடித்தவாறு, கொதிநீர்ச் சட்டியை மடியருகே வைத்துக்கொண்டு, எழ முடியாமல் அமர்ந்திருந்தாள். அவன் முதுகுக்குப் பின்னே நான்கு முழத் தொலைவில் இருந்து அவள் தட்டைத் தட்டினாள். ஏட்டின் பக்கம் ஒன்று புரண்டது. மேலும் தட்டினாள், அவன் விரலை நாவில் தொட்டு மறுபக்கம் புரட்டினான். அப்போது அவர்களுடைய பதினைந்து வயது மகள், எதிர்வீட்டிலிருந்து தெருவைத் தாண்டி மூச்சிரைக்க ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"அப்பா, அம்மா தட்டிக்கிட்டே இருக்காங்க. நீங்க இங்கதானே உக்காந்திருக்கீங்க?"

"இப்பத்தானே தட்டினா? எழுந்திரிக்கறதுக்குள்ள நீ வந்துட்ட."

"அஞ்சு தடவை தட்டினாங்கப்பா. எனக்கு எதிர் வீட்டு மாடியில கேட்டுச்சு."

அவன் பால் கருகிய சட்டியைத் தேய்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டான். தேய்த்தான், தேய்த்தான், செம்பு பளிச்சிட்ட பின்னும் தேய்த்தான். வடித்த கலத்தைத் தட்டி, அதன் ஒலியில் விரிசல் உண்டா இல்லையா என்று சொல்வது பட்டறையில் அவனுக்கே உரிய வேலை. இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் அந்தப் பெருமை அவனுடையது. முன்பெல்லாம் கலத்தைக் காதருகே பிடித்துத் தட்டிய தான், அதிர்வைக் கை உணரும்படி உள்ளங்கையில் ஏந்தியே தட்டுவது எந்நாள் முதல் என்று அவன் நினைத்துப் பார்த்தான். விடை வந்ததும் அவனுக்கு அச்சம் பிடித்தது.

மறுநாள் புதன்கிழமை, உணவு இடைவேளையில் பட்டறை அடங்கியிருந்தபோது, அவன் நல்ல செம்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கைபடாமல் கண்ணை மூடிக்கொண்டு தட்டினான். சுவரில் கட்டை மோதினாற்போல ஒரு மந்தமான ஓசை மட்டுமே கேட்டது. அதன்பின் நெடுநேரம் அதிர்ந்து நீளவேண்டிய மெல்லிய ஒலி கேட்கவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தான். செம்பு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. உலகமெல்லாம் வாய்க்குள் பேசத் தொடங்கிவிட்டது என்று நான்கு ஆண்டுகளாகக் குறைபட்டுக்கொண்டவன், உலகம் எப்போதும்போலத்தான் பேசுகிறது என்பதை அந்தக் கயிற்றின் முன் நின்று ஒப்புக்கொண்டான்.

மாலையில் வீடு திரும்பி, அவள் அருகே கிடந்த குறிப்பேட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினான். தண்ணீர் வேண்டும், போதும், இனி இஞ்சி வேண்டா, கெஞ்சிக் கேட்கிறேன் இஞ்சி வேண்டா என்ற வரிகளுக்கெல்லாம் முன்னே, முதற்பக்கத்தில், மருத்துவர் அறையில் எழுதிய வரி இருந்தது: "வீட்டில் யாரிடமும் இல்லை." அது எந்தக் கேள்விக்கு விடை என்று அவனுக்குத் தெரியவில்லை, இத்தனைக்கும் அவளுக்கு இரண்டடி தள்ளி அன்று அவனும் அமர்ந்திருந்தான்.

"டாக்டர் அன்னைக்கு உன்கிட்ட என்ன கேட்டாங்க?"

அவள் ஏட்டை வாங்கி மூடிவைக்கப் பார்த்தாள். அவன் விடவில்லை. கடைசியில் எழுதினாள்: "மைக்கில் மெதுவாகப் பேசுவதால் தொண்டை இப்படிக் கெடாது, வீட்டில் யாரிடம் இவ்வளவு கத்துகிறீர்கள் என்று கேட்டார்."

கசாயக்காரன் அவளுக்கு எதிரே தரையில் அமர்ந்தான். அடுக்களையிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து குளியலறைக்கும், ஒரே சொல்லை மூன்று முறை உயர்த்தி உயர்த்தி அவள் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவன் நினைவில் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும், சோறு தின்னலையா, வாயைத் திறந்து பேசு என்று தான் சொன்னதும் வந்தது. அவனுக்கு வெட்கம் தாங்கவில்லை.

"எனக்குக் காது கேக்கலம்மா" என்றான். "ரொம்ப நாளாவே கேக்கல. எங்கிட்ட பேசிப் பேசித்தான் உனக்குத் தொண்டை போச்சு. நான் என்னடான்னா உனக்கு இஞ்சி இடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் எழுதினாள்: "தெரியும்."

"எப்பவிருந்து?"

"நாலு வருடமாக."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல நீ?"

இம்முறை அவள் நெடுநேரம் எழுதினாள். "சொன்னால் தட்டிப் பார்க்கும் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அது போனால் நீங்கள் ஒடிந்துபோவீர்கள். என் தொண்டை தாங்கும் என்று நினைத்தேன்." அதைப் படித்தவன் ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு சிறுபிள்ளைபோல அழுதான், அவளும் ஓசையின்றி அழுதாள், எதிர்வீட்டிலிருந்து வந்த மகள், பால் மறுபடியும் பொங்கிவிட்டது போலும் என்று நேரே அடுப்பைப் பார்க்க ஓடினாள்.

அன்று முதல் வீட்டு ஒழுங்குகளோடு புதியது ஒன்று சேர்ந்தது: அவனிடம் எதைச் சொல்வதானாலும் அருகில் வந்து, தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே நின்று, சாதாரணமாகச் சொல்வது. வியாழக்கிழமை அவன் பட்டறை உரிமையாளரிடம் உள்ளதைச் சொன்னான். தட்டிப் பார்க்கும் வேலை அவனைவிட இளையவன் ஒருவன் கைக்குப் போயிற்று. சுத்தியல் அவன் கையிலேயே இருந்தது. எஞ்சிய செவித்திறனையாவது காப்பதற்கு, சுத்தியல் ஓசையைத் தடுக்கும் காதடைப்பான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். காது மருத்துவரிடம் மறுவாரத்துக்கு நாளும் குறித்தான். மனத்துக்குக் கடினமாகத்தான் இருந்தது, ஆனால் அவன் அஞ்சியிருந்த அளவுக்கு இல்லை. மனைவியின் மருந்துகளை உப்பு நீர், ஆவி, வெந்நீர் என்ற மூன்றோடு நிறுத்திக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் அவன் தோளைத் தொட்டு, முகம் பார்த்து, நான்கு நாட்களுக்குப் பின் முதன்முறையாகப் பேசினாள்.

"போயிட்டு வரேங்க."

உதட்டசைவில் பாதியும் ஒலியில் பாதியுமாக அவன் அதைப் புரிந்துகொண்டான். குரல் தேறிவிட்டதா, இன்னும் கரகரப்பு இருக்கிறதா என்று மட்டும் அவனால் சொல்ல முடியவில்லை. அதைக் கணிக்கும் நுட்பம் அவன் காதில் இல்லை. கேட்டால் அவளை மறுபடியும் பேசவைத்ததாகும் என்று கேளாமலே விட்டான்.

மனம் பொறுக்காமல் பத்து மணிக்கு நிலையத்துக்கே சென்று, கண்ணாடி அறையைக் காணும்படி ஒரு தூணின் கீழே நின்றான். அறைக்குள் மூன்று அலுவலர்கள் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்திருந்தனர். அவள் ஒலிவாங்கியின் முன்னே சாய்ந்தாள். அவன் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியிலிருந்து, கூரைமேல் மழை விழுவது போன்ற மங்கிய இரைச்சல் ஒன்று அவனுக்குக் கேட்டது. சொல் பிரியவில்லை. குரல் உடைகிறதா என்றும் தெரியவில்லை. மூன்று அலுவலர்களின் முகங்களும் அலுவலர் முகங்களாகவே இருந்தமையால் அங்கும் ஒன்றும் விளங்கவில்லை.

ஆகவே அவன் நிலையத்துப் பக்கம் திரும்பினான். பெட்டியின்மேல் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் தலையை நிமிர்த்தி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழாம் நிறுத்தம் நோக்கி நடந்தார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண்ணொருத்தி, உண்டுகொண்டிருந்த கணவனை எழுப்பி இரண்டாம் நிறுத்தத்துக்கு இழுத்துச் சென்றாள். கல்லூரி மாணவர்கள் சிலர் பேச்சை நிறுத்தாமலே திசையை மட்டும் மாற்றிக்கொண்டனர். அந்தக் கூட்டத்தில் ஒருவராவது அடுத்தவரைப் பார்த்து, என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. நான்கு ஆண்டுகளாக அவன் நாள்தோறும் கேட்டு வந்த கேள்வி அது. பணி அவளுக்கே என்ற ஆணை மாலையில்தான் கைக்கு வந்தது. அவனுக்கோ அது முற்பகலிலேயே, மூட்டை முடிச்சுகளோடு தத்தம் வண்டியை நோக்கிப் பிழையின்றி நடந்த அத்தனை கால்களையும் பார்த்துக்கொண்டு நின்றபோதே தெரிந்துவிட்டது.