நடைபாதை கேட்ட கேள்விகள்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்கு அவள் எழுதுகிற சமூக வலையில் கண்ணாடியக்கா என்று பெயர். அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள். முதலில் கொஞ்சம் கடுப்பாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

அது ஒரே கம்பெனி நடத்துகிற வலை இல்லை. யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு சர்வர் வைத்து ஆட்களைச் சேர்த்துக்கொள்ளலாம், ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம். இவர்களுடைய சர்வரை நடத்தியவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். வீட்டில் துணி காயப்போடுகிற அறையில் அந்தப் பெட்டியை வைத்திருந்தார். மொத்தம் எண்ணூறு பேர். வாரத்துக்குப் பத்துப் பேர் புதிதாக வருவார்கள். வந்ததும் தலையும் புரியாது, வாலும் புரியாது. எந்தச் சர்வரில் சேருவது, என் நண்பன் வேறு சர்வரில் இருக்கிறானே, அவனை எப்படிப் பார்ப்பது, ஒருவர் பெயருக்குப் பின்னால் ஏன் இரண்டாவதாக ஒரு பெயர் என்று கேட்பார்கள். லிஃப்ட்காரர் பதில் சொன்னால் கேட்டவருக்குக் குழப்பம் இரட்டிப்பாகும். அதனால் அந்த வேலை கண்ணாடியக்கா தலையில் விழுந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் ரொட்டியும் இன்னொரு கையில் போனுமாக அரை மணி நேரம் பதில் எழுதுவாள். நன்றாகவே எழுதுவாள்.

ஒரே ஒரு குறை, அவள் பிறவிச் சந்தேகக்காரி. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். கடைக்காரர் "இன்னிக்கு வந்த பால்தான்மா" என்றால் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்ப்பாள். வேலைக்கு அது உதவத்தான் செய்தது. டாக்டர் எழுதிய சீட்டில் இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் எண்கள் மாறிப்போயிருந்ததை இரண்டு தடவை அவள்தான் கண்டுபிடித்தாள். அவள் கணவனுக்கு மட்டும் அலுப்பு. "நீ போலீஸுக்குப் போயிருக்கணும்" என்பான், பாதி விளையாட்டாக.

நடைபாதை என்ற பெயரில் ஒரு புது ஆள் வந்தது ஒரு திங்கட்கிழமை. படம் இல்லை. தன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. முதல் கேள்வி சாதாரணமானது. ஒருவரை பிளாக் செய்தால் அவருக்கு நாம் எழுதுவது தெரியாதா என்று கேட்டிருந்தது. பொதுவில் எழுதினால் லாகின் செய்யாமல் வந்துகூடப் படிக்கலாம், பிளாக் செய்வது முழுப் பாதுகாப்பு இல்லை என்று இவள் எழுதினாள். "சரி, நோட் பண்ணிக்கிட்டேன்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். நன்றி இல்லை, அக்கா இல்லை.

செவ்வாய்க்கிழமை, தனிச்செய்தியை சர்வர் நடத்துகிறவர் படிக்க முடியுமா என்ற கேள்வி. முடியும், பூட்டு கிடையாது, ஆனால் எங்கள் ஆள் படிக்க மாட்டார் என்றாள். நோட் பண்ணிக்கிட்டேன். புதன்கிழமை, ஒருத்தர் அழித்ததை வேறு சர்வரில் தேடி எடுக்க முடியுமா என்று வந்தது. சில சமயம் அங்கே நகல் தங்கிவிடும் என்றாள். நோட் பண்ணிக்கிட்டேன்.

அன்றைக்குப் பிற்பகல் அவள் சக்கரத்தில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் எப்படிப் பேசுவது என்று கேட்பார்கள். இந்த ஆள் கேட்பதெல்லாம் யார் யாரைப் பார்க்கலாம், எது எங்கே தங்கும் என்பதுதான். லென்ஸைக் கழுவி வைத்துவிட்டு, நடைபாதை யாரைப் பின்தொடர்கிறது என்று பார்த்தாள். மூன்றே பேர். ஒன்று இவள், இன்னொன்று லிஃப்ட்காரர். மூன்றாவது திரைச்சீலை.

அவள் சக்கரத்தை நிறுத்தினாள்.

திரைச்சீலை வீட்டிலிருந்தபடி ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுக்கிறவள். எண்ணூறு பேரில் அவள் கதை தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான், கண்ணாடியக்காவும் லிஃப்ட்காரரும். கணவனின் அடி தாங்காமல் ஒரு காலையில் தையல் மெஷினை மட்டும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பியவள். முன்பு வேறு சர்வரில் இருந்தாள், அங்கேயும் அவன் வந்து நின்றதால் இங்கே மாறிவந்தாள்.

கண்ணாடியக்கா அவளைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைப் பட்டும் படாமலும் சொன்னாள். அந்தக் கணவன் வழக்கமாக எப்படிப் பேசுவான் என்று கேட்டாள். மெஷின் சத்தம் நின்றது.

"எல்லாத்தையும் எழுதி வச்சுக்குவாருக்கா. நான் எத்தனை மணிக்கு எங்க போனேன், யார் வந்தாங்க, எல்லாம். ஒரு சின்ன டைரி இருக்கும். நோட் பண்ணியாச்சுன்னு சொல்லிட்டே இருப்பாரு."

இவளுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மாலையில் லிஃப்ட்காரருக்குப் போன் போட்டாள். அவர் ஏதோ கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சர்வரிலிருந்து ஆளைத் தூக்கிவிட இது போதாது என்றார். நோட் பண்ணுகிறவன் எல்லாம் அவனாகிவிடுவானா, தானும்தான் ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன் என்றார். சந்தேகமாக இருந்தால் பதில் சொல்ல வேண்டாம், திரைச்சீலையை மட்டும் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். இவளுக்கு அது வழவழா கொழகொழா பேச்சாகப் பட்டது. ஆம்பளைக்கு எங்கே புரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் அந்தக் கேள்வி வந்தது, தனிச்செய்தியாக. "ஒருத்தர் பழைய சர்வர்ல இருந்து வேற சர்வருக்கு மாறிட்டா, பழைய பக்கத்தைப் பாக்குறவங்களுக்குப் புது முகவரி தெரியுமா?"

தெரியும் என்பதுதான் உண்மை. கணக்கை மாற்றுகிற வசதியைப் பயன்படுத்தினால், இவர் இப்போது இங்கே இருக்கிறார் என்று பழைய பக்கமே புது முகவரியைக் காட்டும். திரைச்சீலை அப்படித்தான் மாறிவந்திருந்தாள். பழைய பக்கத்தில் அந்த அறிவிப்பு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

ரொட்டியைக் கீழே வைத்தாள். முதலில் திரைச்சீலையைக் கூப்பிட்டு அறிவிப்பை எடுக்கச் சொன்னாள். அவளுக்குப் பழைய கடவுச்சொல் நினைவில்லை, சாயங்காலம் தேடிப் பார்க்கிறேன் என்றாள். சாயங்காலம் வரை அந்த ஆளை எப்படி நிறுத்தி வைப்பது? கண்ணாடியக்கா இரண்டு நிமிடம் யோசித்தாள். பிறகு எழுதினாள்.

"தெரியாது. மாறினதும் பழைய பக்கம் வெறுமையாகிடும். அங்க போய்ப் பாக்குறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல."

"நிச்சயமா?" என்று வந்தது.

"நிச்சயமா" என்றாள்.

சரி, நோட் பண்ணிக்கிட்டேன் என்று வந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பே வந்தது. நல்லா நோட் பண்ணிக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அன்று சாயங்காலம் திரைச்சீலை கடவுச்சொல்லைக் கண்டுபிடித்து அறிவிப்பை எடுத்துவிட்டாள். நடைபாதையிடமிருந்து வேறு கேள்வி வரவில்லை. ஆளைத் திசைதிருப்பிவிட்டோம் என்று கண்ணாடியக்காவுக்கு உள்ளூர ஒரு பெருமை. கணவனிடம்கூடச் சொன்னாள். அவன், "அந்த ஆள்தான்னு உறுதியா தெரியுமா?" என்று கேட்டான். இவள் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

ஐந்து வாரம் கழித்து நடைபாதை மறுபடியும் எழுதியது. இந்தத் தடவை நீளமாக.

"தங்கச்சி, உங்களுக்கு ஞாபகம் இருக்குமான்னு தெரியல. நான் ஒரு முதியோர் காப்பகத்துல பதினொரு வருஷமா ஆயாவா வேலை பாத்தேன். அங்க நடக்குறது எதுவும் சரியில்ல. ராத்திரிக்கு ஆள் போதாதுன்னு, மறதி நோய் உள்ளவங்களை உள்ள விட்டு வெளிய பூட்டிடுவாங்க. அதை ஒரு பெரிய சர்வர்ல பேர் சொல்லாம எழுதிட்டு வந்தேன். மேனேஜர் அதைப் படிச்சுட்டு யாருன்னு தேட ஆரம்பிச்சாரு. அதனாலதான் உங்க சர்வர்ல புதுசா சேந்தேன். பழைய கணக்கை இங்க மாத்துற இடத்துல ஒரு வரி எழுதியிருந்தது, பழைய பக்கத்துல ஏதோ அறிவிப்பு வரும்னு. எனக்குச் சரியாப் புரியல. புது முகவரி யாருக்கும் தெரியாதுன்னு நீங்க நிச்சயமா சொன்னதால பயப்படாம மாத்திட்டேன். இங்க யாருக்கும் என்னைத் தெரியாதுங்கிற தைரியத்துல பொண்ணு காலேஜ்ல சேந்த படத்தைப் போட்டேன். அதை வச்சுக் கண்டுபிடிச்சுட்டாங்க. போன வாரம் வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். எந்த இடத்துல நான் தப்பு பண்ணேன்னு சொல்லுங்க. வார்டுல எல்லாத்தையும் நோட் பண்ணிப் பழக்கம், அதனால உங்க பதிலெல்லாம் எழுதி வச்சிருக்கேன். திருப்பித் திருப்பிப் பாத்தேன். தெரியல."

கண்ணாடியக்கா அதை நின்றுகொண்டே படித்தாள். கடை முன்புறத்தில் யாரோ மூக்குக்கண்ணாடி இறுக்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கூப்பிட்டதும் போய்க் காதுக் கம்பியைச் சூடாக்கி வளைத்துக் கொடுத்தாள். திரும்பி வந்து மறுபடி படித்தாள். நடைபாதை திரைச்சீலையை ஏன் பின்தொடர்ந்தாள் என்பதற்கும் விடை அதிலேயே கடைசியில் இருந்தது. அந்தத் திரைகளின் பூ வேலை ரொம்பப் பிடிக்கும், பார்த்தால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எழுதியிருந்தாள்.

அவளுடைய முதல் நினைப்பு இதுவும் நாடகமாக இருக்குமோ என்பதுதான். அதைப் பின்னால் நினைத்து நினைத்து அவள் வெட்கப்பட்டாள். நடைபாதையின் பழைய பக்கத்தைத் தேடிப் போனாள். மேலே புது முகவரியோடு அந்த அறிவிப்பு பளிச்சென்று நின்றது, மேனேஜர் அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் படம் வரை வந்திருக்க வேண்டும். கீழே பதினான்கு மாதப் பதிவுகள். பூட்டிய கதவுகள், ஆறிப்போன கஞ்சி, தன் பெயரை மறந்துவிட்டு அழைப்பு மணியை அழுத்திக்கொண்டே இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். ஒருவர் இட்டுக்கட்டி எழுதக்கூடியது இல்லை.

லிஃப்ட்காரரைக் கூப்பிட்டு ஒன்று விடாமல் சொன்னாள். பொய் சொன்னதை அவர் அப்போதுதான் கேள்விப்பட்டார்.

"சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

"அவன்னு நினைச்சேன்."

"அவனா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருக்கலாம்."

பிறகு அவரே கொஞ்சம் இளகி, சாஃப்ட்வேர் புதுசா மாறிடுச்சு, அப்போ அப்படித்தான் இருந்ததுன்னு சொல்லிடலாம், அந்தம்மாவுக்கு மனசாவது ஆறும் என்றார். இவளுக்கு அது ஒரு நிமிடம் ஆசை காட்டியது. அப்படிச் சொன்னால் நடைபாதை நம்புவாள். நோட்டில் எழுதிக்கொள்வாள். அந்த நினைப்புதான் இவளைத் தடுத்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஆனாலும் அரை நாள் லீவு போட்டாள். வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, நான்தான் தெரிந்தே பொய் சொன்னேன். உங்களை வேறொருவர் என்று நினைத்தேன். ஒரு பெண்ணைத் துரத்துகிறவன் கேட்கிற கேள்விகள் மாதிரி இருந்தன. ஒளிந்துகொள்ள நினைக்கிறவரும் அதே கேள்விகளைத்தான் கேட்பார் என்று எனக்கு உறைக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் கூசுகிறது, இருந்தாலும் கேட்கிறேன். அறிவிப்பை எப்படி எடுப்பது என்று படிப்படியாக எழுதி, ஒவ்வொரு படியையும் தன் போனில் செய்து பார்த்துச் சரிபார்த்துச் சேர்த்தாள். பிறகு எல்லோரும் பார்க்கிற கேள்வி பதில் பக்கத்திலும், கணக்கு மாறினால் பழைய பக்கம் புது முகவரியைக் காட்டும், ஒருவருக்கு நான் இதைத் தவறாகச் சொல்லிவிட்டேன், காரணம் அறியாமை இல்லை என்று தன் பெயரிலேயே போட்டாள். எண்ணூறு பேரில் சிலர் திட்டினார்கள். ஒருவர், இனிமேல் நீங்கள் சொல்கிற எதை நம்புவது என்று கேட்டார்.

நடைபாதை எட்டு நாள் பேசவில்லை. அறிவிப்பை மட்டும் எடுத்துவிட்டிருந்தாள்.

அதற்குள் வேறு ஒன்று நடந்திருந்தது. அவளை வேலையை விட்டு அனுப்பிய செய்தி பரவி, காப்பகத்தில் இருப்பவர்களின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஒன்றாகக் கிளம்பிப் போய் அறைக் கதவுகளைப் பார்த்திருக்கிறார்கள். வெளித்தாழ்ப்பாள்களை மேனேஜர் அவர்கள் கண் முன்னாலேயே கழற்ற வேண்டியதாயிற்று. வேலை மட்டும் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலைக்குச் சேர்ந்திருப்பதாக லிஃப்ட்காரருக்கு எழுதியிருந்தாள். தாழ்ப்பாள் விஷயத்தையும் அவருக்குத்தான் எழுதினாள். அவளுடைய கேள்விகள் எல்லாம் இப்போது அவருக்கே போயின. அவர் சொல்வது பாதி புரியாவிட்டாலும்.

ஒன்பதாவது நாள் மதியம் கண்ணாடியக்காவுக்கு ஒரே ஒரு வரி வந்தது.

"ஒருத்தன் துரத்துறான்னு சொன்னீங்களே, அந்தப் பொண்ணு இப்போ நல்லா இருக்காளா? எங்க இருக்கா?"

படித்த அதே நொடியில், எங்க இருக்கான்னு எதுக்குக் கேக்குறா என்று உள்ளே ஒன்று தலை தூக்கியது. அவள் அதை அடக்கப் பார்த்தாள், அது அடங்கவில்லை. போனை மேஜையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். பக்கத்தில் தேய்த்து முடித்த நான்கு ஜோடி லென்ஸ்கள் தட்டில் காய்ந்துகொண்டிருந்தன.

கடைசியில் எழுதினாள். "நல்லா இருக்கா. எங்கன்னு சொல்ல மாட்டேன், கோவிச்சுக்காதீங்க."

சிறிது நேரம் கழித்து நடைபாதை, "சொல்லாதீங்க" என்று பதில் போட்டாள். அதில் கோபம் இருந்ததா, சம்மதம் இருந்ததா என்று கண்ணாடியக்கா பல தடவை படித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. முன்புறத்திலிருந்து கூப்பிட்டார்கள், எழுந்து போனாள்.