பட்டை உரித்த சாலை

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் முப்பது புளியமரங்களுக்கு எண் போட வேண்டும் என்று 1939-ஆம் வருஷம் தை மாதம் ஓர் உத்தரவு வந்தது. பட்டையைச் செதுக்கி, தார் பூசி, அதன்மேல் வெள்ளையில் எண் எழுதுவது பழைய வழக்கம்தான். இந்த உத்தரவில் ஒரு புதுமை இருந்தது. மோட்டாரில் போகும் இஞ்சினியர் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் எண் தெரிய வேண்டுமாம். ஓவர்சியர் கோதண்டபாணி அதை நான்கு முறை படித்தார். எந்தப் பக்கமும் என்றால் சுற்றிலும் என்று தீர்மானித்தார். சாலைக் கூலி சவுரிராயனைக் கூப்பிட்டு, ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பைச் சுற்றி ஒரு முழ அகலம் பட்டையை உரிக்கச் சொன்னார்.

சவுரிராயன் கைக்கோடாலியோடு வெகுநேரம் சும்மா நின்றான். பேசுவதற்குமுன் அவனுக்கு எப்போதும் அவ்வளவு நேரம் வேண்டும்.

"ஐயா, சுத்தி உரிச்சா மரம் செத்துடுங்க."

"வெட்டவாடா சொன்னேன்? எதுக்குச் சாவுது?"

"வானூர் பக்கம் கரி சுடறப்போ வேல மரத்த இப்பிடித்தாங்க சாவடிப்போம். வேரு உறியற தண்ணி கட்டைக்குள்ள ஏறிடும். எல ஆக்கற சோறு பட்டை வழியாத்தாங்க எறங்கும். பட்டை போச்சின்னா வேரு பட்டினிங்க."

கோதண்டபாணி சிரித்தார். "வேருக்கு எல சோறு போடுதா? நான் ஹைஸ்கூல்ல சயின்ஸ் படிச்சவன்டா. எல்லாம் கீழேர்ந்து மேலதான் போவும். மேலேர்ந்து கீழ எறங்கறது ஆர்டர் ஒண்ணுதான். ஜல்தியா உரி."

சவுரிராயன் உரித்தான். மாட்டேன் என்றால் மறுநாள் வேறொருவன் உரிப்பான். அது அவனுக்குத் தெரியும். தெரிந்ததில் ஆறுதல் இல்லை என்பதும் தெரியும்.

இருபத்து மூன்றாவது மரத்தில் கை நின்றுபோனது. அந்த நிழலில்தான் அவன் மனைவி லூர்துமேரி கூடை வைத்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வறுத்து விற்றாள். வண்டிக்காரர்கள் நிழலுக்கு மாட்டை அவிழ்ப்பார்கள். மாடு அசைபோடும்போது அவர்களுக்கும் எதையாவது மெல்லத் தோன்றும். நிழல் போனால் வண்டி நிற்காது.

"என்னாய்யா, மரத்த மொறைச்சிக்கினு நிக்கற?" என்றாள் லூர்துமேரி.

"இத உரிச்சா உன் கடை போச்சி."

"உரிக்காட்டி?"

"என் வேலை போச்சி."

அவள் எட்டிப் பார்த்தாள். ஓவர்சியர் கட்டுச்சோறு தின்ற களைப்பில் அடுத்த மர நிழலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தாளு முழிக்கிறதுக்குள்ள எதுனா பண்ணு."

சவுரிராயன் சாலையிலிருந்து தெரியாத வயல் பக்கமாக ஒரு கையகலம் பட்டையை மேலிருந்து கீழ்வரை அப்படியே விட்டான். மற்றதை உரித்து, எல்லாவற்றின்மேலும் தாரைக் கனமாகப் பூசினான். நான்கு பக்கமும் இருபத்து மூன்று என்று எழுதினான்.

அந்த வருஷம் மரங்கள் பச்சையாகவே நின்றன. தண்ணீர்தான் ஏறிக்கொண்டிருந்ததே. உரித்த இடத்துக்கு மேலே எல்லா மரத்துக்கும் மோதிரம் போல வீங்கியது. இறங்க வழியில்லாத சோறு அங்கே தேங்கிக் கிடந்தது. அதைத் தடவிப் பார்த்த கோதண்டபாணி, "பாத்தியாடா, சதை போட்டுக்கினு வருது!" என்றார். எண் போட்டபின் மரங்கள் பருத்திருப்பதாக மேலதிகாரிகளுக்குப் படிவம் எழுதியும் அனுப்பினார். தரையடியில் வேர்கள் பட்டினி கிடந்ததை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

1941 சித்திரையில் இருபத்தொன்பது மரங்கள் மொட்டையாக நின்றன. வறட்சி என்று கோதண்டபாணி எழுதினார். இஞ்சினியர் நேரில் பார்க்க வந்தார். வெயில் தாங்காமல் அவர் மோட்டார் ஒதுங்கியது இருபத்து மூன்றின் நிழலில். ஓவர்சியருக்குப் பின்னால் சவுரிராயன் கைக்கோடாலியோடு நின்றான்.

"வறட்சிக்கு இந்த மரம் மட்டும் கண்ணில் படலையா, மிஸ்டர் கோதண்டபாணி?"

ஓவர்சியர் பேனாக்கத்தியால் மரத்தைச் சுற்றிச் சுற்றித் தாரைச் சுரண்டினார். ஓரிடத்தில் உயிருள்ள பட்டை ஈரமாகத் தெரிந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"சார், கண்டுபிடிச்சிட்டேன்! இந்தப் பய உத்தரவை மீறியிருக்கான்!"

இஞ்சினியர் பட்டையைப் பார்த்தார். மொட்டை மரங்களைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது சவுரிராயனுக்குத் தெரிந்தது. உத்தரவின் அடியில் இருந்த கையெழுத்து அவருடையது.

"இருபத்தொன்பதும் வறட்சி. இது கீழ்ப்படியாமை. அப்படியே எழுதுங்க" என்றார்.

"மிச்சத்தையும் இப்பவே உரிச்சிடட்டுமா சார்?"

இஞ்சினியர் வெள்ளையாய்க் கொதிக்கும் சாலையைப் பார்த்தார். டிரைவர் நிழலில் ஜமக்காளம் விரித்து டிபன் கேரியரைத் திறந்திருந்தான்.

"மரம் இருக்கட்டும். ஆளை அனுப்பிடுங்க."

சவுரிராயன் கைக்கோடாலியை ஓவர்சியர் காலடியில் வைத்துவிட்டு, மரத்தின் மறுபக்கம் கூடையோடு உட்கார்ந்திருந்த லூர்துமேரியிடம் போனான்.

"என்னாய்யா சொன்னாரு?"

"மரம் இருக்கட்டும்னாரு."

"உன்ன?"

அவன் வெறுங்கையை விரித்துக் காட்டினான். அவள் கூடையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"டிரைவரு மல்லாட்டை கேட்டாரு. நீ அள."